கடலுக்குள்ளும் பேசுமாம் ஓர்வா

போன வாரம் ஜெர்லினைச் சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் நிற்கும்போது விட்டுவிட்டு வந்தோம். அந்தச் சந்தோஷம் ஒரு ராத்திரிதான் தங்கியது. அதற்குமுன், இந்த வாரம்தான் இந்தக் கதைக்குள் வருகிறவர்களுக்காக நாலு வார்த்தை.

தூத்துக்குடி திரேஸ்புரத்தில் மாமியார் பிலோமியோடும் கொழுந்தன் கிளைட்டனோடும் இருக்கிறாள் ஜெர்லின். அவள் கணவன் பெனிஸ்டன், தருவைக்குளத்திலிருந்து தங்குகடலுக்குப் போகும் ‘விடிவெள்ளி’ படகின் டிரைவர். தங்குகடல் என்றால் போன படகு அன்றைக்கே திரும்பாது. ஐஸ் தீரும்வரை கடலிலேயே கிடந்து மீன் பிடிக்கும். கிளைட்டனுக்குத் துறைமுகத்தில் கப்பல் ஏஜென்ட் ஆபீசில் வேலை. ஜெர்லினோ, வீட்டின் முன்னறையில் ஒரு வட்ட விளக்கையும் ஒரு செல்போனையும் வைத்துக்கொண்டு ‘செல்லும் நானும்’ என்று யூடியூப் சேனல் நடத்துகிறாள். இன்னும் கடைக்கு வராத போன்களைப் பற்றி வெளிநாட்டில் என்னென்ன கிசுகிசு ஓடுகிறதோ, அதைத் தேடிப் பிடித்துத் தமிழில் சொல்வது அவள் வேலை.

அப்படித்தான் ஓர்வா கம்பெனியின் அடுத்த போனைப் பற்றிச் சொன்னாள். ‘ஓர்வா நைன்’ என்று பெயராம். டவரே இல்லாத நடுக்கடலிலிருந்தும் செயற்கைக்கோளைப் பிடித்துச் செய்தி அனுப்புமாம். கம்பெனி இன்னும் வாய் திறக்கவில்லை. யாரோ களவாக எடுத்த படங்கள்தான் ஆதாரம். ஆனாலும் அந்த வீடியோ கரையோரம் முழுக்கக் காட்டுத்தீ மாதிரி பரவிவிட்டது. நேற்று சென்னையிலிருந்து கிருபாகரன் என்று ஒருவர் பேசினார். ஓர்வாவுக்கு விளம்பர வேலை பார்க்கிறவராம். போன் வெளிவருவதற்கு முன்னாலேயே பெங்களூருவில் அதைக் கையில் எடுத்துப் பார்க்க ஒரு சிலரைத்தான் கூப்பிடுகிறார்களாம். அதில் ஜெர்லினும் ஒருத்தி.

இனி, இன்றைய காலை.

மார்க்கெட்டுக்குப் போயிருந்த பிலோமி, மீன் கூடையை அடுக்களையில்கூட வைக்காமல் நேரே முன்னறைக்கு வந்தாள். ஜெர்லின் செல்லில் ஒரு படத்தை விரல்களால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னளா, அந்தப் படத்தையே உத்து உத்துப் பாக்க?”

“ஓர்வாவோட பின்பக்கம் மாமி. ஒருத்தர் அனுப்பிருக்கார். இந்த ஓரத்துல ஒரு கோடு தெரியுதுல்லா? போன வருசத்து போன்ல இது கெடையாது. ஆன்டெனாவா இருக்குமோன்னு பாக்கேன்.”

பிலோமி மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்தாள். “கீறல் மாதிரில்லா இருக்கு.”

“கீறலாவும் இருக்கலாம்.”

“அப்ப வீடியோல என்னன்னு சொல்லுவ?”

“ஆன்டெனாவா இருக்கலாம்னு சொல்லுவேன்.”

“கீறலா இருக்கலாம்னு சொல்லமாட்டியா?”

ஜெர்லினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கீறலைப் பற்றி வீடியோ போட்டால் யார் பார்ப்பார்கள்?

பிலோமியும் சிரித்தாள். இன்றைக்கு அவள் நல்ல உற்சாகத்தில் இருந்தாள். “மார்க்கெட்ல எல்லாவளும் ஒன்னயத்தான் கேக்காளுவ. ‘பிலோமியக்கா, ஒங்க மருமவ சொன்ன போன் எப்ப வருது? எங்க வீட்டாளுக்கு ஒண்ணு சொல்லி வைங்க’ன்னு ஒரே பிடுங்கல். நம்ம பேச்சி இருக்கால்லா, பெனிஸ்டன் படகுல அவ மாப்பிள்ளயும் போறான்லா, அவ சொல்லுதா, வெள்ளத்துரை அண்ணாச்சியே ஒன் வீடியோவப் பாத்துட்டாவளாம்!”

வெள்ளத்துரை ‘விடிவெள்ளி’ படகின் முதலாளி.

“அப்படியா? என்ன சொன்னாவளாம்?”

“வயர்லெஸ் பெட்டி போன நடையில ரிப்பேராயிட்டாம். புதுசு வாங்கத்தான் இருந்தாவளாம். ஒன் வீடியோவப் பாத்ததும், ‘அதான் ஓர்வா வருதே, இனி எதுக்கு அந்தப் பழைய காலத்துப் பெட்டி’ன்னு விட்டுட்டாவளாம். பாத்தியா ஒன் பேச்சுக்கு இருக்க மதிப்ப!”

ஜெர்லின் செல்லைக் கீழே வைத்தாள்.

“மாமி, இப்ப அவிய போயிருக்க படகுல வயர்லெஸ் வேலை செய்யுதா, இல்லையா?”

“அதான் சொல்லுதேனே, ரிப்பேரு...” என்று ஆரம்பித்த பிலோமி பாதியில் நிறுத்தினாள். தான் என்ன செய்தியைச் சுமந்துகொண்டு வந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்கே உறைத்தது.

கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனால் செல்போனில் ஒரு புள்ளிகூடச் சிக்னல் இருக்காது. அதற்குப் பிறகு படகுக்கும் கரைக்கும் நடுவே இருப்பது அந்த வயர்லெஸ் ஒன்றுதான்.

“நான் தருவைக்குளம் போறேன் மாமி.”

“இரு, நானும் வாரேன்.” மீன் கூடையை அப்படியே குளிர்பெட்டிக்குள் தள்ளிவிட்டுப் பிலோமி செருப்பை மாட்டினாள்.

*

ஸ்கூட்டர் உப்பளங்களைத் தாண்டிப் போகும்போது காற்று பக்கவாட்டில் தள்ளியது. மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று. பிலோமி பின்னால் இருந்துகொண்டு மருமகளின் தோளை இறுக்கிப் பிடித்திருந்தாள். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஜெர்லினுக்குள் மட்டும் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. நான் என்ன சொன்னேன்? ‘அனுப்புமாம்’ என்றுதானே சொன்னேன். ‘அனுப்பும்’ என்று எங்கேயாவது சொன்னேனா? மனசுக்குள் அந்த வீடியோவை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தாள். கெட்டிக்காரத்தனமாகத்தான் பேசியிருந்தாள். எங்கேயும் மாட்டிக்கொள்ளாத பேச்சு.

வெள்ளத்துரை ஐஸ் கம்பெனிக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில் நெல் போடுகிற குடும்பம். மைத்துனன் சொன்னானென்று படகு வாங்கியவர். இன்றுவரை அந்தப் படகில் கரையைவிட்டு அந்தப் பக்கம் போனதில்லை. அலையைப் பார்த்தாலே வயிற்றைப் புரட்டும் என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

“வாங்க தாயி, வாங்க! ஓர்வா நம்ம கைக்கு எப்ப வரும்?” எழுந்து நாற்காலியைத் தள்ளிப் போட்டார்.

ஜெர்லின் உட்காரவில்லை. “அண்ணாச்சி, படகுல வயர்லெஸ் என்னாச்சு?”

“அதுவா? கரகரன்னு ஒரே எரச்சல். மாத்தணும்னு பெனிஸ்டன் சொன்னான். வாங்கத்தான் கெளம்புனேன். அதுக்குள்ள எம் மவன் ஒங்க வீடியோவப் போட்டுக் காட்டுனான். சரி, எதுக்கு தெண்டமா ஒரு பெட்டி, ஓர்வா வந்ததும் வாங்கிக் குடுத்துருவோம்னு விட்டுட்டேன்.”

“வருதாம்னுதான அண்ணாச்சி சொன்னேன். வருதுன்னா சொன்னேன்?”

வெள்ளத்துரை புரியாமல் பார்த்தார். “வருதாம்னா வருதுன்னுதான தாயி அர்த்தம்?”

“கடைசில சொன்னேனே! இது வெறும் வதந்தி, கம்பெனி இன்னும் ஒண்ணும் சொல்லல, வந்தாலும் நம்ம நாட்டுல செயற்கைக்கோள் போனுக்கு அனுமதி குடுக்கணும்னு எல்லாம் சொன்னேனே.”

“கடைசி வரைக்கும் யாரு தாயி பாப்பா? கடலுக்குள்ள இருந்து பேசலாமாம்னு நீங்க சொன்ன ஒடனே நான் எந்திச்சிட்டேன்.”

அவர் குற்றம் சொல்கிற மாதிரி சொல்லவில்லை. நடந்ததைத்தான் சொன்னார்.

“அவிய ஒண்ணும் சொல்லலியா? வயர்லெஸ் இல்லாம போமாட்டேன்னு சொல்லலியா?”

“யாரு, பெனிஸ்டனா? ‘எம் பொண்டாட்டி சொன்னா சரியாத்தான் இருக்கும் அண்ணாச்சி, இந்த ஒரு நடைதான், சமாளிச்சுருவோம்’னு சிரிச்சிட்டே ஏறிட்டான்.”

பிலோமி முகத்தைக் கடல் பக்கமாகத் திருப்பிக்கொண்டாள்.

அப்போதுதான் ஏலக்கூடத்து ஒலிபெருக்கி கரகரத்தது. காற்று கூடுகிறது, கடலில் இருக்கிற படகுகள் எல்லாம் பக்கத்தில் எந்தக் கரை இருக்கிறதோ அங்கே வந்து சேர வேண்டும் என்று அறிவித்தார்கள். எல்லோரும் மீனவர் சங்கத்து ஆபீசை நோக்கி நடந்தார்கள். ஜெர்லின் ஓடினாள்.

*

சங்கத்து ஆபீசில் வயர்லெஸ்ஸைக் கவனித்துக்கொள்ளும் நல்லக்கண்ணு அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார். கடலுக்குப் போயிருக்கிற தருவைக்குளத்துப் படகுகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். இரைச்சலுக்கு நடுவே ஒவ்வொரு குரலாகப் பதில் வந்தது. “கேட்டுச்சு, திரும்பிட்டோம்.” “வலய மேல வாங்கிட்டு வாரோம்.” ஒவ்வொரு பதிலுக்கும் ஜன்னலுக்கு வெளியே நின்ற கூட்டத்தில் யாரோ ஒருத்தி பெருமூச்சு விட்டாள்.

“விடிவெள்ளி, விடிவெள்ளி. கேக்குதா?”

இரைச்சல்.

“விடிவெள்ளி... ஏலே பெனிஸ்டன், கேக்குதா?”

மறுபடியும் இரைச்சல். நல்லக்கண்ணு மற்ற படகுகளிடம் கேட்டுப் பார்த்தார். முந்தாநாள் வரை பக்கத்தில்தான் இருந்தானாம். அப்புறம் மீன் தேடி வடக்கே தனியாகப் போய்விட்டானாம். அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை.

“வடக்க வேம்பார், மூக்கையூர் படகுக கெடக்கும்லா? அவங்கள்ட்ட கேக்கக் கூடாதா?” என்றாள் ஜெர்லின்.

“அவனுவ வேற சேனல்ல பேசுவானுவம்மா. எந்தப் படகு, எந்தச் சேனல்னு தெரிஞ்சாத்தான் பிடிக்க முடியும். அதிகாரிகளுக்குச் சொல்லிருக்கு. அவங்களும் தேடச் சொல்லுவாங்க. காத்து முழுசா கெளம்ப மதியம் ஆயிரும். அதுக்குள்ள அவனா திரும்பிட்டாம்னா ஒண்ணும் இல்ல.”

அறிவிப்பே காதில் விழாதவன் எதற்குத் திரும்புவான்?

பிலோமி வெளியே, கவிழ்த்துப் போட்டிருந்த மீன் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டாள். ஜெர்லின் பக்கத்தில் போய் நின்றாள். பிலோமி தாழ்ந்த குரலில் சொன்னாள்.

“ரோச் போனப்ப படகுல வயர்லெஸ்ஸே கெடையாது. விதின்னு நெனச்சுக்கிட்டேன். எம் பிள்ளைக்கு இருந்துச்சுளா. இருந்ததத்தான் வேண்டாம்னுட்டாங்க.”

ரோச், பிலோமியின் கணவர். கடலுக்குப் போய்த் திரும்பாதவர். ஜெர்லின் அவரைச் சுவரில் மாட்டிய படத்தில்தான் பார்த்திருக்கிறாள்.

மாமி திட்டியிருந்தால் ஜெர்லின் தாங்கியிருப்பாள். மாமியின் கையைப் பிடிக்கப் போனாள். பிலோமி கையை மெல்ல விலக்கிக்கொண்டாள்.

ஜெர்லின் சற்றுத் தள்ளிப் போய்ச் செல்லை எடுத்தாள். அந்த வீடியோவுக்குக் கீழே புதிதுபுதிதாக ஆட்கள் எழுதிக்கொண்டே இருந்தார்கள். தூத்துக்குடிக்காரர்கள், ராமேஸ்வரத்துக்காரர்கள், கன்னியாகுமரிக்காரர்கள். ‘அக்கா எங்க அப்பாவுக்கு ஒண்ணு வேணும்.’ ‘எங்க படகுல எல்லாரும் இதுக்குத்தான் காத்திருக்கோம்.’ ஒவ்வொன்றும் கன்னத்தில் அறைகிற மாதிரி இருந்தது. ஆனால் அதே வரிகளைத் திரும்பப் படித்தபோது அவளுக்கு வேறொன்று தோன்றியது. இவர்கள் எல்லாருமே கடலோரத்து ஆட்கள். இவர்கள் எல்லார் வீட்டிலிருந்தும் யாராவது கடலில் இருக்கிறார்கள்.

அந்த நேரம் பார்த்துச் செல் அடித்தது. கிருபாகரன்.

“மேடம், பெங்களூரு டிக்கெட் போடப் போறேன். ஆதார்ல இருக்கற மாதிரி பேர் மட்டும் சொல்லுங்க.”

“சார், ஒண்ணு கேக்கணும். அந்த போன் உண்மையிலேயே கடல்ல இருந்து செய்தி அனுப்புமா?”

எதிர்முனையில் சிரிப்பு. “நீங்கதானே மேடம் அனுப்பும்னு சொன்னீங்க!”

“நான் சொன்னத விடுங்க. நீங்க சொல்லுங்க.”

“அதைப் பத்தி நான் எதுவும் சொல்லக்கூடாது மேடம். ஆமான்னும் சொல்லக்கூடாது, இல்லேன்னும் சொல்லக்கூடாது. நீங்க இப்ப பேசறாப்லயே பேசிட்டிருங்க. ஜனங்க ஆவலா இருக்கணும். அந்த வீடியோ நல்லாப் போகுதுன்னு கம்பெனியே சந்தோஷப்படுது.”

“அந்த வீடியோவ நான் தூக்கப் போறேன் சார்.”

“தூக்கிட்டீங்கன்னா பெங்களூரு கஷ்டம் மேடம். யோசிச்சுக்கோங்க.”

அவள் யோசித்தாள். பொய் சொல்வானேன், ஒரு நொடி யோசிக்கத்தான் செய்தாள். உலகத்தில் இன்னும் யார் கையிலும் இல்லாத ஒரு பொருள். அந்த ஓரத்துக் கோடு ஆன்டெனாவா கீறலா என்று தன் விரலாலேயே தடவிப் பார்த்துவிடலாம். சின்ன வயதிலிருந்து ரேடியோவையும் கடிகாரத்தையும் கழற்றிப் பார்த்து அடி வாங்கியவளுக்கு அது எவ்வளவு பெரிய ஆசை என்று அவளுக்குத்தான் தெரியும்.

“வச்சிருதேன் சார்” என்றாள்.

வீடியோவை நீக்கினாள். ஐஸ் கம்பெனிச் சுவரில் சாய்ந்து நின்று, வட்ட விளக்கும் இல்லாமல், தலைகூடச் சீவாமல், நேரலையைத் திறந்தாள்.

“நான் ஜெர்லின் பேசுதேன். ஓர்வா நைன் வீடியோவ இப்ப நான் தூக்கிட்டேன். அந்த போன நான் பாத்ததில்ல. தொட்டதில்ல. வருமா வராதான்னே எனக்குத் தெரியாது. யாரோ சொன்னத அழகா அடுக்கிச் சொன்னேன், அவ்வளவுதான். அத நம்பி ஒரு படகு வயர்லெஸ் இல்லாமக் கடலுக்குப் போயிருக்கு.”

செல்லை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

“அந்தப் படகுல எங்க வீட்டுக்காரர் இருக்காவ. தருவைக்குளத்துப் படகு, விடிவெள்ளின்னு பேரு. வெள்ளப் படகு, சுத்தி நீலக் கோடு. வடக்க போயிருக்காவ. காத்து வருதுன்னு அவியளுக்குத் தெரியாது. வேம்பார், மூக்கையூர், ராமேஸ்வரம், யார் வீட்டுப் படகு கடல்ல இருந்தாலும், ஒங்க ஆளுகளுக்கு வயர்லெஸ்ல சொல்லுங்க. அந்தப் படகக் கண்டா, கைய காட்டியாவது திரும்பச் சொல்லச் சொல்லுங்க. இன்னொண்ணு. ஓர்வா வருதுன்னு நம்பி யாரும் இருக்கறதத் தூரப் போடாதிய.”

முதலில் வந்ததெல்லாம் கேலிதான். ‘அக்கா, அடுத்த வீடியோவுக்கு இது விளம்பரமா?’ ‘அப்போ இத்தனை நாள் சொன்னது எல்லாம் கதையா?’ ‘உங்களை நம்பினேன் பாருங்க.’ ஜெர்லின் ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை. படகின் பெயரையும் அடையாளத்தையும் மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். கேலிக்கு நடுவே ஊர்ப் பெயர்கள் வரத் தொடங்கின. ‘மூக்கையூர்ல சொல்லியாச்சு.’ ‘எங்க சித்தப்பா படகுக்குச் சொல்லச் சொல்லிட்டேன்.’

வெள்ளத்துரை தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கையில் இருந்த டீ ஆறிப்போயிருந்தது.

பிறகு வேம்பாரிலிருந்து ஒரு பெண் பேசினாள். அனிஷா என்று பெயர் சொன்னாள். காலேஜில் படிக்கிறவள் மாதிரி குரல்.

“அக்கா, எங்க அண்ணன் படகு கடல்ல நிக்குது. இப்பதான் எங்க சங்கத்துல இருந்து கூப்பிட்டோம். கொஞ்ச நேரத்துக்கு முன்னால ஒரு நீலக் கோடு போட்ட படகத் தாண்டி வந்தாங்களாம். வல போட்டுக்கிட்டு நின்னாங்களாம். பேரு படிக்கல. அண்ணன் திரும்பிப் போய்ப் பாக்கேன்னு சொல்லிருக்கான்.”

“திரும்பிப் போறாவளா? காத்துல?”

“போய்ட்டாங்கக்கா. எங்க சேனல் நம்பரச் சொல்லுதேன், ஒங்க ஆபீஸ்ல வச்சுக் கேளுங்க.”

*

நல்லக்கண்ணு அந்தச் சேனலுக்கு மாற்றினார். அறைக்குள் நிற்க இடமில்லாத கூட்டம். பேச்சியும் யார் சொல்லியோ வந்து சேர்ந்திருந்தாள். கொண்டை அவிழ்ந்தது தெரியாமல் நின்றாள். பிலோமி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

இரைச்சல். மறுபடி இரைச்சல். நல்லக்கண்ணு இரண்டு தடவை குமிழைத் திருகினார். அதற்குப் பிறகு, பழக்கமில்லாத ஓர் ஆண் குரல் இரைச்சலைக் கிழித்துக்கொண்டு வந்தது.

“தருவைக்குளம், வேம்பார் படகு பேசுதேன். ஒங்க விடிவெள்ளி பக்கத்துலதான் நிக்கேன். எல்லாரும் நல்லா இருக்காங்க. வலய மேல வாங்குதாங்க. எம் பின்னாலயே வேம்பாருக்குக் கூட்டிட்டு வாரேன்.”

பேச்சி “ஏ மாரியாத்தா!” என்று அலறிவிட்டு அடுத்த நொடி அழுதாள். பிலோமி சிலுவை அடையாளம் வரைந்துகொண்டாள். நல்லக்கண்ணு மைக்கை ஜெர்லின் கையில் கொடுத்தார்.

“அண்ணே, நான் டிரைவரோட வீட்டம்மா. அவியட்ட பேச முடியுமா?”

“அவரு அவரு படகுல நிக்காரும்மா. நடுவுல தண்ணி. சத்தம் போட்டுத்தான் பேசிக்கிடுதோம். நீங்க சொல்லுங்க, நான் சொல்லுதேன்.”

ஊர் முழுக்கச் சுற்றி நிற்கிறது. நடுவில் முகம் தெரியாத ஒரு மனிதர். அவர் வழியாகக் கணவனிடம் என்ன பேசுவது?

“நான்... நான் சொன்னது தப்புன்னு சொல்லுங்கண்ணே. மன்னிச்சுக்கிடச் சொல்லுங்க.”

அந்தப் பக்கம் கூவுவது தேய்ந்து கேட்டது. அப்புறம் வேம்பார்க்காரரின் குரல். “எதுக்கு மன்னிப்புன்னு கேக்காரு.”

“எல்லாத்துக்கும்னு சொல்லுங்க.”

மறுபடி கூவல். இந்தத் தடவை பதில் வர நேரமானது.

“ஒங்க வீட்டுக்காரர் சொல்லுதாரு, வயர்லெஸ் இல்லாம ஏறுனது நான்தான, நீ என்ன பிடிச்சா தள்ளுனன்னு. அழாம இருக்கச் சொல்லுதாரு. ஒங்க மாமியார் பக்கத்துல இருக்காவளான்னு கேக்காரு.”

பிலோமி முன்னால் வந்து மைக்கை வாங்கினாள். “இருக்கேன்னு சொல்லுப்பா. அவன் கரைக்கு வரட்டும், ரெண்டு காதையும் திருகுதேன்னு சொல்லு. அப்படியே சொல்லு, ஒரு எழுத்து விடாத.”

அறையே சிரித்தது. காற்று நிஜமாகவே கிளம்பி ஜன்னல் கதவு அடித்துக்கொண்டபோது, இரண்டு படகுகளும் வேம்பார் கரையைப் பிடித்துவிட்டன என்று அனிஷா போன் செய்தாள்.

வெள்ளத்துரை அதற்குள் தூத்துக்குடிக்கு ஆள் அனுப்பியிருந்தார், புது வயர்லெஸ் வாங்க. “தாயி, எந்தக் கம்பெனி வாங்கலாம்னு ஒரு வார்த்த சொல்லுங்களேன்” என்று அவளிடமே கேட்டார்.

“எனக்கு வயர்லெஸ்ஸப் பத்தித் தெரியாது அண்ணாச்சி. நல்லக்கண்ணு அண்ணாச்சியக் கேளுங்க” என்றாள் ஜெர்லின். தெரியாது என்று சொல்வது இவ்வளவு இலகுவாக இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை.

*

வீடு திரும்பும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. காற்று ஓய்ந்ததும் பேருந்து பிடித்து வருவதாகப் பெனிஸ்டன் வேம்பாரிலிருந்து போனில் சொல்லிவிட்டான். பிலோமி காலையில் வாங்கிய மீனை எடுத்துக் கழுவ உட்கார்ந்தாள். ஜெர்லின் தேங்காய் துருவினாள். இருவரும் அதிகம் பேசவில்லை. ஆனால் காலையில் ஸ்கூட்டரில் இருந்த மௌனம் இல்லை இது.

செல்லில் கிருபாகரனின் செய்தி வந்திருந்தது. அழைப்பை ரத்து செய்துவிட்டார்களாம். சேனலைவிட்டு ஒரு கூட்டமே விலகிப் போயிருந்தது. ஜெர்லின் செல்லைக் கவிழ்த்து வைத்துவிட்டு மறுபடி தேங்காயைத் துருவினாள்.

“கஷ்டமா இருக்காளா?” என்றாள் பிலோமி, மீனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“கொஞ்சம். அந்த போனப் பாக்கணும்னு ரொம்ப ஆசையா இருந்துச்சு மாமி.”

பிலோமி மீன் துண்டுகளில் மஞ்சளைத் தடவிக்கொண்டிருந்தாள்.

கிளைட்டன் வாசலில் செருப்பை உதறும் சத்தம் கேட்டது. நேராக அடுக்களைக்கே வந்தான். ஆபீஸ் அடையாள அட்டை இன்னும் கழுத்தில் தொங்கியது.

“அண்ணன்ட்ட பேசிட்டேன். நல்லா இருக்கான். மைனி, நான் ஒண்ணு சொன்னா கோவப்படக் கூடாது.”

“சொல்லுங்க.”

“இன்னைக்குப் பேப்பர்ல கையெழுத்து வாங்க ஒரு கப்பலுக்கு ஏறுனேன். வெளிநாட்டுக் கப்பல். அதுல செகண்ட் ஆபீசர் ஒருத்தர், சின்ன வயசு. கையில ஒரு செல். பேரும் கெடையாது, கம்பெனி முத்திரையும் கெடையாது. என்ன போன்னு கேட்டேன். சிரிச்சாரு. கடைக்கு வராததாம். கப்பல்காரங்கள்ல சில பேர்ட்ட குடுத்துச் சோதிச்சுப் பாக்கச் சொல்லிருக்காங்களாம்.”

தேங்காய் துருவும் சத்தம் நின்றது.

“நடுக்கடல்ல இருந்து வீட்டுக்குச் செய்தி அனுப்புனாராம். போய்ச் சேந்துச்சாம். நம்ம கரைப் பக்கம் வந்ததும் அந்த வசதிய அணைச்சு வச்சிருதாராம், இங்க அனுமதி இல்லேன்னு.”

“ஓர்வாவா?” ஜெர்லினின் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

“அத மட்டும் சொல்லமாட்டேன்னுட்டாரு. எங்க மைனி ஒங்கள மாதிரி ஆளத்தான் தேடிட்டு இருக்காவன்னு சொன்னேன். நாளைக்குக் காலைல மாலுமிகள் கிளப்புக்கு வாராராம். வந்தா கையில குடுக்கேன், பாத்துக்கிடட்டும், ஆனா படம் எடுக்கக் கூடாது, யார்ட்டயும் சொல்லக் கூடாதுங்காரு. மத்தியானம் கப்பல் கெளம்பிரும்.”

படம் எடுக்க முடியாது. யாரிடமும் சொல்ல முடியாது. பார்ப்பதற்கு மட்டும். ஜெர்லின் தேங்காய் மூடியைக் கையில் வைத்தபடியே மாமியார் முகத்தைப் பார்த்தாள். இன்று காலையிலிருந்து அந்த ஒரு பெயரால் அந்த முகம் பட்ட பாட்டை அவள் அறிவாள். போகட்டுமா என்று கேட்க வாய் வரவில்லை.

பிலோமி மீன் சட்டியை மூடினாள். கையைக் கழுவி முந்தானையில் துடைத்தாள். மூக்குக் கண்ணாடி அலமாரியில் இருக்கிறதா என்று ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

“எத்தன மணிக்குல வாராராம் அந்த ஆபீசரு?” என்று மகனிடம் கேட்டாள். “நானும் வருவேன்.”